ஈ.பி.எப். காசில் தங்கம் வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

இலங்கையில் பெண்களுக்கு 50, ஆண்களுக்கு 55 வயதானதும் ஈ.பி.எப். எனப்படும் ஊழியர் சேமலாப நிதியை எடுக்கலாம். சம்பளத்தில் பிடித்த நூற்றுக்கு 8, தேயிலைத் தோட்ட நிர்வாகம் போட்ட 12, அவற்றின் வட்டி எல்லாம் மொத்தமாகக் கைக்கு வரும். கொழுந்து பறித்தே தேய்ந்த கைகளுக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு முறை வரும் பெரிய காசு அது. அதில் பெரும்பகுதி ஹட்டன், பண்டாரவளை, பதுளை நகைக் கடைகளுக்குப் போய்விடுகிறது.

தங்கம் வாங்குவது தப்பில்லை. 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 வரை ஏறியபோது, வங்கியில் போட்ட காசின் மதிப்புக் கரைந்தது. தங்கம் வைத்திருந்தவர்கள் தப்பித்தார்கள். ஆனால் அதைப் பார்த்துவிட்டு முழுத்தொகையையும் தங்கமாக்குவது முதல் தவறு. உலகச் சந்தையில் 2011இல் ஓர் அவுன்ஸ் 1,900 டொலர் அளவுக்குப் போனது. 2015 கடைசியில் 1,050 வரை இறங்கியது. பழைய உச்சத்தைத் தாண்ட 2020 ஆகிவிட்டது. இடையில் ரூபாயும் இறங்கியதால் நமக்கு அந்த அடி அவ்வளவாகத் தெரியவில்லை. ரூபாய் பலமடைந்தால் இதே கணக்கு தலைகீழாகும். அதோடு தங்கம் வட்டி தராது, பிரஷர் மாத்திரையோ மாதாமாதம் வாங்க வேண்டும். அன்றாடச் செலவுக்கான தொகையை நிலையான வைப்பில் போட்டுவிட்டு, மிச்சத்தில்தான் தங்கத்தைப் பற்றி யோசிக்க வேண்டும்.

அடுத்தது, சேமிப்பை நகையாக வாங்குவது. என் பார்வையில் அதிகக் காசு போவது இதில்தான். “போட்டுக்கிட்டும் இருக்கலாம் அக்கா, காசும் பத்திரம்” என்பார் கடைக்காரர். கல் பதித்த இரண்டு பவுன் அட்டியலை எடுத்துக்கொள்ளுங்கள். வாங்கும்போது தங்கத்தின் விலைக்கு மேல் செய்கூலி, சேதாரம். விற்கப் போனால் கல்லையும் அரக்கையும் கழித்துவிட்டுத்தான் நிறுப்பார்கள். செய்கூலி திரும்பி வராது. 100 ரூபாய்த் தங்கத்துக்கு 10 ரூபாய் மேலதிகமாகக் கொடுத்திருந்தால், விலை நூற்றுக்குப் பத்து ஏறினால்தான் போட்ட காசாவது கிடைக்கும். முதுமைக்கென்று வாங்குவதானால் தங்கக் காசாகவோ தங்க பிஸ்கட்டாகவோ வாங்குங்கள். நகைதான் வேண்டுமென்றால் கல் இல்லாத வழவழப்பான வளையல் போதும். அப்புறம், மகள் கல்யாணத்துக்குப் போட்ட நகையை உங்கள் சேமிப்புக் கணக்கில் சேர்க்காதீர்கள். அது அவளுடையது.

ஈடு வைப்பதில் வரும் இழப்பு பலருக்குத் தெரிவதே இல்லை. அவசரத்துக்கு ஈடு வைப்பது சரி. தவணை முடியும் தேதியை மறப்பதுதான் ஆபத்து. வட்டி கட்டாமல் விட்டால் நகை ஏலத்துக்குப் போகும். அதற்கு முன் கடிதம் அனுப்புவார்கள்தான். ஆனால் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்துக்குத் தனி முகவரி ஏது? கடிதம் தோட்ட ஆபீஸுக்கு வந்து, அங்கிருந்து கைமாறி, சில நேரம் ஏலம் முடிந்த பிறகுதான் வீட்டுக்கு வருகிறது. கடிதத்தை நம்பியிருக்க வேண்டாம். ஈட்டுச் சீட்டை வாங்கிய அன்றே கடைசித் தேதியைக் கேட்டு, வீட்டுக் கலண்டரில் வட்டம் போடுங்கள். ஓடுகிற தொலைபேசி எண் ஒன்றையும் கொடுத்து வையுங்கள். முழுதாக மீட்க முடியாவிட்டால் வட்டியையாவது கட்டிப் புதுப்பிக்க முடியுமா என்று தேதிக்கு முன்பே போய்க் கேளுங்கள்.

நகைக் கடைச் சீட்டில் ஓய்வுக் காசைப் போட வேண்டாம். கடை மூடினால் கேட்க நாதியில்லை.

வாங்கும்போது பில்லில் மூன்று விஷயங்கள் தனித்தனியாக இருக்க வேண்டும்: கல் நீக்கிய எடை, எத்தனை கரட், செய்கூலி எவ்வளவு. வெறும் தாளில் மொத்த விலையை மட்டும் எழுதித் தந்தால் திருப்பிக் கொடுத்துச் சரியான பில் கேளுங்கள். அதை நகையோடு ஒரே பெட்டியில் வைக்காதீர்கள். திருட்டுப் போனால் பொலிசில் காட்ட அந்த பில்தான் இருக்கும்.