அறைக்குள் மட்டும் கேட்கும் வானொலி: லினக்ஸில் இணைய ஒலிபரப்பு தொடங்குவோர் செய்யும் தவறுகள்

கீழக்கரை வீட்டு மாடியிலிருந்து ஒலிபரப்பைத் தொடங்கிய முதல் இரவு, துபாயிலிருந்து ஒரு தம்பி அழைத்தார். "காக்கா, சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்கிறீர்களே, உடம்புக்கு ஏதும் முடியவில்லையா?"

உடம்பு நன்றாகத்தான் இருந்தது. நேயர்களுக்கு ஒலியைப் பகிர்ந்துகொடுக்கும் சர்வர் மென்பொருள் ஐஸ்காஸ்ட். அதற்கு ஒலியை அனுப்பும் 'பட்' மென்பொருளில் முதல் சாதனமாக மைக்கையும், பாட்டுப் போடுவதற்காக இரண்டாவது சாதனமாக 'மானிட்டர்' என்பதையும் கொடுத்திருந்தேன். மானிட்டரைத் தேர்ந்தெடுத்தால் ஸ்பீக்கருக்குப் போகும் எல்லா ஒலியும் ஒலிபரப்புக்கும் போகும். நானோ, ஒலி போகிறதா என்று பார்க்க அதே கணினியின் உலாவியில் என் நிலையத்தையே ஓடவிட்டிருந்தேன். நான் சொன்ன ஸலாம் வெளியே போய், பத்து விநாடி கழித்து உலாவி வழியாக உள்ளே வந்து, மறுபடி வெளியே போய்க்கொண்டிருந்தது.

இதில் நான் செய்த தவறுதான் மற்ற பல தவறுகளுக்கும் தாய். ஒலிபரப்பும் கணினியிலேயே கேட்டுச் சோதிப்பது! அந்தக் கணினியின் உலாவியில் லோக்கல்ஹோஸ்ட் 8000 (அதாவது இதே கணினி) என்று தட்டினால் யார் செய்தாலும் பாட்டுக் கேட்கத்தான் செய்யும். கைப்பேசியில் வைஃபையை அணைத்துவிட்டு, மொபைல் டேட்டாவில் கேட்டுப் பாருங்கள். கேட்காவிட்டால் லினக்ஸின் யுஎஃப்டபிள்யூ தடுப்புச் சுவரில் (ஃபயர்வால்) ஐஸ்காஸ்டின் வாசலான 8000ஆம் போர்ட்டைத் திறக்கிறோம், ரவுட்டரிலும் திறக்கிறோம், அப்படியும் கேட்காமல் இரவு முழுக்க ஐஸ்காஸ்ட் கோப்பைத் திருத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். அதற்கு முன் ரவுட்டரின் வெளிமுகவரியைப் பாருங்கள். அது 100.64 முதல் 100.127 வரையிலான எண்களில் தொடங்கினால், இணைய நிறுவனம் ஒரே பொது முகவரியைப் பல வீடுகளுக்குப் பங்குபோட்டுக் கொடுத்திருக்கிறது என்று பொருள். நம் வீட்டில் எந்தக் கதவைத் திறந்தாலும் தெருக்கதவு அவர்கள் கையில். நிலையான ஐபி முகவரி கேட்டு வாங்கலாம். என் விருப்பம், வெளியே ஒரு சிறிய வாடகைச் சர்வரில் ஐஸ்காஸ்டை நிறுவிவிட்டு வீட்டிலிருந்து ஒலியை மட்டும் அனுப்புவது.

கணக்குப் போட்டாலும் அதுவே சரி. 128 கேபிபிஎஸ்ஸில் (விநாடிக்கு 128 கிலோபிட்) 50 பேர் கேட்டால் சர்வரிலிருந்து 6.4 எம்பிபிஎஸ் வெளியே போகவேண்டும். சர்வர் வீட்டிலேயே இருந்தால் அத்தனையும் வீட்டு இணைப்பின் அப்லோடில்தான் போகும். வாடகைச் சர்வர் என்றால் வீட்டிலிருந்து ஒரே ஓர் ஒலி ஓடை போதும். அந்த 128ம் பேச்சுக்குத் தேவையில்லை. மோனோவில் 48 போதும். 128இல் ஒரு மணி நேரம் கேட்டால் ஏறத்தாழ 58 எம்பி செலவாகும், 48இல் 22க்குள் முடிந்துவிடும். தங்கச்சிமடத்தில் தினசரி டேட்டாவை எண்ணி எண்ணிச் செலவழிப்பவருக்கு இது பெரிய வித்தியாசம்.

இப்படி கேபிபிஎஸ்ஸைக் குறைத்ததும் நேயருக்குக் கேட்கும் தாமதம் கூடும். உடனே இணைப்பு மந்தமாகிவிட்டது என்று சிலர் பதறுகிறார்கள். புதிதாக வரும் நேயருக்கு ஐஸ்காஸ்ட் முதலிலேயே 65,535 பைட் ஒலியை மொத்தமாகக் கொடுத்துவிடுகிறது. 128இல் அது 4 விநாடி ஒலி, 48இல் 11 விநாடி. கோளாறு எதுவும் இல்லை, விட்டுவிடுங்கள்.

ஐஸ்காஸ்டின் கடவுச்சொல்லை 'ஹேக்மீ' என்றே விட்டுவைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். நிறுவும்போது வரும் கேள்வியைத் தாண்டிப்போனால் அதுவே நின்றுவிடும். சோர்ஸ், ரிலே, அட்மின் என்ற மூன்று கடவுச்சொற்களையும் மாற்றுங்கள்.

அடுத்து மைக். யூஎஸ்பி மைக் ஒரு நொடி துண்டித்துச் சேர்ந்தால்கூட, லினக்ஸ் சத்தமில்லாமல் மடிக்கணினியின் உள் மைக்குக்கு மாறிவிடக்கூடும். ஒலிமானி ஆடிக்கொண்டே இருக்கும், நேயருக்கோ கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதுபோல் கேட்கும். 'பல்ஸ் ஆடியோ வால்யூம் கன்ட்ரோல்' என்ற ஒலிக்கட்டுப்பாட்டுக் கருவியைத் திறந்து, 'ரெக்கார்டிங்' பகுதியில் 'பட்' எந்த மைக்கைப் பிடித்திருக்கிறது என்று ஒவ்வொரு நிகழ்ச்சிக்கு முன்னும் பாருங்கள். பல்ஸ் ஆடியோவுக்குப் பதில் பைப்வயர் என்ற ஒலி அமைப்பு உள்ள புதிய உபுண்டு லினக்ஸிலும் இதே கருவி வேலை செய்யும்.

மின்வெட்டுக்குக் கணினியை மட்டும் யூபிஎஸ்ஸில் போட்டுவிட்டு ரவுட்டரை மறந்துவிடுகிறோம். தானாகத் தூங்கும் அமைப்பையும் அணைத்துவிடுங்கள். இணைப்பு அறுந்தால் நேயர் போகாமலிருக்க ஐஸ்காஸ்டில் 'ஃபால்பேக் மவுண்ட்' என்ற மாற்று ஓடையை வைக்கலாம். ஆனால் அதுவும் அதே கோப்பு வடிவத்தில், அதே சாம்பிள் ரேட்டில் (விநாடிக்கு எத்தனை முறை ஒலி அளக்கப்படுகிறது என்ற எண்) இருக்கவேண்டும். எம்பி3 ஓடைக்கு 'ஆக்' (Ogg) வடிவக் கோப்பை மாற்றாக வைத்துவிட்டு, ஏன் கரகரக்கிறது என்று கேட்பவர்களுக்கு நான் பதில் சொல்வதில்லை. சினிமாப் பாட்டு போட உரிமம் வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன், அதைக் கேட்க யாருக்கும் பிடிக்காது.

கடலுக்குப் போகிறவர்களுக்காகத் தொடங்குகிறோம் என்று சொல்பவர்களிடம் மட்டும் சற்று நிதானமாகப் பேசுவேன். பாம்பனில் 'கடல் ஓசை' 90.4 சமுதாய வானொலி 2016 முதல் மீனவர்களுக்காக ஒலிபரப்புகிறது. எஃப்எம் கேட்கச் சின்ன ரேடியோப்பெட்டி போதும், டேட்டா வேண்டாம். படகு கரையை விட்டு விலகி கைப்பேசிக் கோபுரம் எட்டாமல் போனால் நம் இணைய வானொலி ஊமையாகிவிடும். நமக்குக் கேட்பவர்கள் கரையில் வலை சரிசெய்வோரும் வளைகுடாவில் வேலை செய்வோரும்தான். நேரத்தையும் அதற்கேற்ப வையுங்கள். நமக்கு இரவு 9 மணி என்றால் துபாயில் 7.30.

கடைசியாக உப்புக்காற்று. கச்சான் எனும் தென்மேற்குக் காற்று அடிக்கும் மாதங்களில் கடல்பக்க ஜன்னலைத் திறந்துவைத்துப் பேசினால் மைக்கில் ஓயாத இரைச்சல். ஒருமுறை கரகர ஒலிக்காக இரண்டு நாள் சாம்பிள் ரேட்டை மாற்றி மாற்றிப் பார்த்தேன். பிறகு மைக் கேபிளைக் கழற்றிப் பார்த்தால் பிளக்கின் உலோகத்தில் பச்சையாகக் களிம்பு பூத்திருந்தது. இப்போது மைக்கும் கேபிளும், நிகழ்ச்சி முடிந்ததும், சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்ட டப்பாவுக்குள் போய்விடுகின்றன.