ஜிடி டெஸ்ட்டுக்கு புள்ளைய ரெடி பண்ணிட்டு ஃபார்ம்ல கோட்டை விடுறோம்

ஸ்கூல் திறந்து ஒரு மாசம் ஆச்சுன்னா எனக்கு போன் வர ஆரம்பிச்சிடும். "அக்கா, ஜிடி ரெஃபரல் ஓபன் ஆயிடுச்சாமே, எந்த புக் வாங்கணும்?" வேற கேள்வியே கிடையாது, புக் மட்டும்தான். ஜிடின்னா கிஃப்டட் அண்ட் டேலண்டட், தனித் திறமை இருக்கற பசங்களுக்கு ஸ்கூல்ல நடத்தற தனி ப்ரோக்ராம்; ரெஃபரல்னா அதுக்கு புள்ளை பேரை குடுக்கறது. டெக்சாஸ்ல டாலஸ் பக்கம் ஒரு பப்ளிக் ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட்ல (ஒரு ஏரியா பப்ளிக் ஸ்கூலையெல்லாம் நடத்தற அமைப்பு) ரெண்டு பசங்களை இந்த வழியா கூட்டிட்டு போனவ நான். பெரியவனுக்கு நான் அடிச்ச கூத்தை இப்ப ஒவ்வொருத்தரா வரிசையில நின்னு அடிக்கிறாங்க, பார்த்துட்டு சும்மா இருக்க முடியல, அந்தத் தப்பையெல்லாம் கீழ ஒவ்வொண்ணா எழுதறேன். கடைசி தேதியை விடாதீங்க, முந்தின ராத்திரி சீக்கிரம் தூங்க வைங்கன்னு எல்லாம் சொல்லப் போறதில்ல, அது உங்களுக்கே தெரியும்.

வேற ஸ்டேட்ல இருக்கற நாத்தனார் சொன்னதை நம்புறது

வேணாம். கிஃப்டட் பசங்களுக்கு கட்டாயம் தனி சர்வீஸ் குடுக்கணும்னு நாடு முழுக்க ஒரே சட்டம் கிடையாது, ஸ்டேட்டுக்கு ஸ்டேட் வேற. டெக்சாஸ்ல சட்டத்துலயே இருக்கு, ஒவ்வொரு டிஸ்ட்ரிக்ட்டும் இந்தப் பசங்களை கண்டுபிடிச்சே ஆகணும். ஆனா எந்த டெஸ்ட், எந்த மாசம், எவ்வளவு வந்தா போதும், அதெல்லாம் டிஸ்ட்ரிக்ட் கையில.

பேரண்ட் ஃபார்மை கல்யாண பயோடேட்டா மாதிரி நிரப்புறது

இதுக்குத்தான் இவ்வளவும் எழுத உக்காந்தேன்.

நம்மாளுங்க மனசுல இது ஒரு என்ட்ரன்ஸ் எக்ஸாம். டெஸ்ட்ல மார்க் வந்தா உள்ள, இல்லைன்னா வெளிய. டெக்சாஸ்ல அப்படி இல்ல. ஒரு டெஸ்ட்டை மட்டும் வெச்சு முடிவு பண்ணக் கூடாது, குறைஞ்சது 3 அளவுகோல் வேணும், அதுல நம்பரும் இருக்கணும், நம்பர் இல்லாததும் இருக்கணும். நம்பர் இல்லாததுன்னா டீச்சர் எழுதறது, நாம எழுதறது, புள்ளை செஞ்ச வேலை, இந்த மாதிரி. இதையெல்லாம் மொத்தமா வெச்சுக்கிட்டு ஜிடி ட்ரெய்னிங் எடுத்தவங்க குறைஞ்சது 3 பேர் உக்காந்து பேசுவாங்க. அந்த ரூம்ல உங்க புள்ளை இருக்காது, நீங்களும் இருக்க மாட்டீங்க, நீங்க எழுதின அந்த ஃபார்ம்தான் இருக்கும்.

பெரியவன் ஃபர்ஸ்ட் கிரேடு படிக்கும்போது அந்த ஃபார்மை கடைசி நாள் ராத்திரி 11 மணிக்கு பாத்திரம் கழுவிட்டு வந்து உக்காந்து நிரப்பினேன். என்ன எழுதினேன் தெரியுமா? "ரொம்ப புத்திசாலி. சொன்ன பேச்சு கேப்பான். 16ஆம் வாய்ப்பாடு வரை மனப்பாடம். அபாகஸ் க்ளாஸ் போறான். கும்மான்ல ரெண்டு கிரேடு முன்னாடி இருக்கான்." (கும்மான்னா காசு கட்டி போற கணக்கு ட்யூஷன்.) எல்லா கேள்விக்கும் "எப்பவும்"னு டிக். என்ன பெருமை எனக்கு! ஒரு மாசம் கழிச்சு லெட்டர் வந்துச்சு, இப்போதைக்கு தகுதி இல்லைன்னு.

கோவமா போய் ஜிடி ஸ்பெஷலிஸ்ட்டை பார்த்தேன். அவங்க சொன்னதுல எனக்கு புரிஞ்சது இதுதான்: டெஸ்ட் நம்பர் மோசமில்ல, ஓரத்துல நிக்குது, மிச்சதெல்லாம் தூக்கி விட்டிருக்கணும், தூக்கல, அதுலயும் என் ஃபார்ம் ஒண்ணுமே பண்ணல. அந்தம்மா பொறுமையா ஒரு கேள்வி கேட்டாங்க. "யாரும் எதுவும் செய்யச் சொல்லாதப்போ இவன் என்ன பண்ணுவான்?" நான் கொஞ்சம் யோசிச்சு, வேற எதுவும் தோணாம, கோலத்தை சொன்னேன். மார்கழில பாட்டி வீடியோ கால்ல சிக்குக் கோலம் போடறதை பார்த்துட்டு சாக்பீஸை எடுத்துக்கிட்டு பேட்டியோல உக்காந்துட்டான். 3க்கு 3 புள்ளி வெச்சு சுத்தி வளைச்சா கோடு ஒண்ணா முடிய மாட்டேங்குது, மூணு தனித்தனி கோடு வருது. 3க்கு 4 வெச்சா ஒரே கோட்டுல முடியுது. "ஏம்மா?"ன்னான். எனக்கு தெரியலடா, போய் ஹோம்வொர்க் பண்ணுன்னேன். அவன் விடல, 2க்கு 4, 4க்கு 6, 5க்கு 6னு ஒரு வாரம் தரை பூரா போட்டான், ரெண்டு எண்ணையும் மீதியில்லாம வகுக்கற பெரிய எண் எதுவோ அத்தனை கோடு வருதுங்கற விஷயத்தை அவனா மோப்பம் புடிச்சிட்டான், அவனுக்கு அதை சொல்ல வார்த்தை தெரியல, அவ்வளவுதான்.

"இதை ஏன் எழுதல?"ன்னாங்க.

என்னத்த சொல்ல? கோலமெல்லாம் ஒரு படிப்பான்னு நினைச்சேன்னு சொல்லவா? ஒரு வருஷம் போச்சு. அடுத்த ரவுண்டு செகண்ட் கிரேடுலதான் வந்துச்சு, அப்போ எடுத்துக்கிட்டாங்க. அந்த ஒரு வருஷம் அவன் தெரிஞ்ச கூட்டல் ஷீட்டையே திரும்ப திரும்ப போட்டுக்கிட்டு இருந்தான், இன்னைக்கு நினைச்சாலும் எனக்கு எரியும்.

டெக்சாஸ் சட்டத்துல ஜிடிக்கு குடுத்திருக்கற விளக்கத்தை ஒரு தடவை படிங்க. அதே வயசு, அதே அனுபவம், அதே சூழல்ல இருக்கற மத்த பசங்களோட ஒப்பிட்டா ரொம்ப உயரத்துல செய்யறவங்க, இல்ல செய்யறதுக்கான திறமை தெரியறவங்கன்னு இருக்கு. அதே அனுபவம்! காசு கட்டி க்ளாஸுக்கு போற எல்லா புள்ளையும் வாய்ப்பாடு சொல்லும். ஃபார்மை படிக்கிறவங்களுக்கு அது உங்க உழைப்பாவும் உங்க பர்ஸாவும்தான் தெரியும். க்ளாஸ்ல சொல்லிக் குடுக்காத எதை உங்க புள்ளை தானா புடிச்சுதோ, அதுதான் அங்க பேசும்.

போன வருஷம் பக்கத்து தெரு பொண்ணோட அம்மா ஃபார்மை காட்டினாங்க. ஸ்பெல்லிங் பீ வார்த்தை 200 தெரியும்னு முதல் வரி. அடப்போங்க, வேற சொல்லுங்கன்னு கிளறினேன். 6 வயசுல அந்தப் பொண்ணு கேட்டிருக்கா: "போறேன், போற, போறான்னு வாலே யாருன்னு சொல்லுதே, அப்புறம் எதுக்கு நான், நீ, அவன்னு முன்னாடி வேற சொல்றோம்? இங்கிலீஷ்ல வால் இல்ல, அதான் சொல்லணுமா?" இந்த ரத்தினத்தை வீட்டுல வெச்சுக்கிட்டு ஸ்பெல்லிங் பீயாம்! அப்படியே தமிழ்லயே எழுதி, கீழ இங்கிலீஷ்ல அர்த்தம் போட வெச்சேன்.

எப்படி எழுதறதுன்னா, எப்போ நடந்தது, அப்ப என்ன வயசு, புள்ளை வாயால என்ன சொன்னா, அதுக்கப்புறம் அவளா என்ன செஞ்சா. அவ்வளவே. டிக் அடிக்கிற பகுதில எல்லாத்துக்கும் "எப்பவும்" போட்டா எதையுமே நம்ப மாட்டாங்க, என் புள்ளை விட்டுக் குடுக்க மாட்டான், தோத்தா அழுவான்னு உள்ளதை போடுங்க, ஒண்ணும் குடி முழுகாது. ராத்திரி 11 மணிக்கு ஞாபகம் வராது, அதனால இப்பவே போன்ல ஒரு நோட் திறந்து வைங்க. சாட்ஜிபிடிய வெச்சு எழுதி அதையே நாலு பேருக்கு ஃபார்வர்ட் பண்றவங்களுக்கு ஒண்ணு, ஒரே ஸ்கூல்ல அந்த நாலு ஃபார்மையும் அதே 3 பேர்தான் படிக்கப் போறாங்க.

புக் புக்கா வாங்கறது

ஜிடிக்கு வெக்கற, யோசிக்கற திறமையை பார்க்கற கோகாட் மாதிரி டெஸ்ட்ல ஒவ்வொரு பகுதி ஆரம்பத்துலயும் மாதிரி கேள்வி போட்டுக் காட்டுவாங்க. முன்னாடி ஒரு தடவை படம் பார்த்து வெச்சிருந்தா பயம் போகும். ஆறு புக் முடிச்ச புள்ளை, கேள்வி கொஞ்சம் மாறினா புக்ல வந்த விடையை தேடும், நான் பார்த்திருக்கேன்.

பர்சன்டைலை மார்க்னு படிக்கறது

96 பர்சன்டைல்னா 100க்கு 96 சரின்னு அர்த்தம் இல்ல. நாடு முழுக்க அதே வயசு பசங்க 100 பேரை எடுத்தா ஏறக்குறைய 96 பேரை தாண்டி நிக்கறான்னு அர்த்தம். மொழி, எண், படம்னு மூணும் தனித்தனியா வரும், மொத்தத்தை மட்டும் பார்த்து அழுது முடிச்சிடாதீங்க. மொழி மட்டும் கீழ இழுத்திருந்தா முடிவை மறுபடி பாருங்கன்னு போடற அப்பீல்ல அதை சொல்லலாம்.

வீட்டுல இங்கிலீஷ்தான்னு பொய் எழுதறது

அட்மிஷன் அப்போ வீட்டு மொழி என்னன்னு கேக்கற பேப்பர். தமிழ்னு எழுதுங்க. அதனால இங்கிலீஷ் டெஸ்ட் வெச்சு தனி சப்போர்ட்ல போட்டாலும் ஜிடி கதவு மூடாது. ரெண்டுலயும் ஒரே சமயத்துல இருக்கலாம்.

டீச்சர்கிட்ட "க்ளாஸ் போரடிக்குதாம்"

அந்த டீச்சரும் ஒரு ஃபார்ம் நிரப்பணும்.

வீடு மாறினா ஜிடி லேபிளும் கூட வரும்னு நினைக்கறது

ஒவ்வொரு டிஸ்ட்ரிக்ட்டுக்கும் தனி டிரான்ஸ்ஃபர் பாலிசி. வீடு பார்க்கும்போதே கேட்டுடுங்க, பழைய ஸ்கோர் ரிப்போர்ட் காப்பி வாங்கிட்டு கிளம்புங்க.

டெஸ்ட் தேதி பார்க்காம இந்தியா டிக்கெட் போடறது

சின்னவளுக்கு போட்டோம். டிசம்பர் ஃபேர் எரியுதேன்னு, ரெண்டு நாள் தள்ளி ஜனவரி ஃபிளைட் புடிச்சா 400 டாலர் மிச்சம்னு இவர் கணக்கு போட்டார். சென்னையிலருந்து வந்து இறங்கின மூணாம் நாள் டெஸ்ட். பேப்பரை மடிச்சு ஓட்டை போட்டா விரிக்கும்போது எப்படி இருக்கும்னு ஒரு பகுதி வரும், அதுல தலைய சாச்சு தூங்கிட்டா. முன்னாடியே ஒரு மெயில் போட்டு வேற தேதி கேட்டுப் பார்த்திருக்கலாம். முடிஞ்சப்புறம் கேட்டோம், அடுத்த ரவுண்டுன்னு சொல்லிட்டாங்க.