தரிசு நிலம் காடாவதை ஆண்டாண்டாகப் பதிவு செய்வது எப்படி?

கைவிட்ட நிலத்தில் முதலில் ஓராண்டுக் களைகள், அப்புறம் பல்லாண்டுப் புற்கள், புதர்கள், வெயில் விரும்பும் மரங்கள், கடைசியில் நிழல் தாங்கும் மரங்கள். ஓரிடத்தின் செடிகொடிகள் இப்படிப் படிப்படியாக மாறுவதை வழிமுறை வளர்ச்சி என்பார்கள்; அதற்குப் பாடநூல்கள் தரும் வரிசை இது. இதில் பெரும்பகுதி, வெவ்வேறு வயதுள்ள நிலங்களை ஒப்பிட்டு ஊகித்தது. ஐந்து வருடத் தரிசும் ஐம்பது வருடத் தரிசும் மண்ணிலோ ஈரத்திலோ முன்பே வேறுபட்டிருந்தால் அந்த ஊகம் தவறிவிடும். அலாஸ்காவின் கிளேசியர் பேயில், பனியாறு பின்வாங்கிய தரையில் சூழலியலாளர் வில்லியம் கூப்பர் 1916இல் 1 சதுர மீட்டர் கட்டங்களை அடையாளமிட்டார். நூறாண்டு கழித்து அவற்றைத் தேடிக் கண்டுபிடித்து அளந்தபோது, எந்தச் செடி முதலில் வேரூன்றியது என்பது பின்னால் வந்தவற்றையும் பெரிதும் பாதித்தது தெரிந்தது. ஆகவே ஒரே இடத்தை முளை அடித்து வைத்து, அதற்கே திரும்பத் திரும்பப் போக வேண்டும்.

கட்டம் போடுதல்

பிவிசி குழாயில் உள்ளளவு 1 மீ × 1 மீ சட்டம் செய்யுங்கள். இரு மூலைவிட்டங்களும் 141 செ.மீ. இருந்தால்தான் அது சதுரம். 10 செ.மீ. இடைவெளியில் நூல் கட்டினால் 100 அறைகள் கிடைக்கும். ஓர் அறை ஒரு சதவீதம்.

குறைந்தது பத்துக் கட்டங்கள் வேண்டும். இடத்தைக் கண்ணால் தேர்ந்தெடுக்காதீர்கள். செடி அழகாக இருக்கும் பக்கமே கால் போகும். நிலத்தின் இரு ஓரங்களிலும் மீட்டர் அளவு குறித்து, குலுக்கல் எண்களால் இடத்தை முடிவு செய்யுங்கள்.

எதிரெதிர் மூலைகளில் 60 செ.மீ. இரும்புக் கம்பியை முக்கால் பங்கு தரைக்குள் அடியுங்கள். மரக்குச்சியைக் கரையான் தின்றுவிடும். கைபேசியின் ஜிபிஎஸ் சில மீட்டர் பிசகும், ஒரு மீட்டர் கட்டத்தைக் கண்டுபிடிக்க அது போதாது. பாறை, கட்டடம் போன்ற நகராத இரண்டு அடையாளங்களிலிருந்து தூரத்தையும் திசைமானிக் கோணத்தையும் எழுதி வையுங்கள். வேலை கெட்டுப்போவது பெரும்பாலும் இங்கேதான்: அடித்த கம்பி கிடைக்காமல் போனால் முந்தைய அளவுகளோடு ஒப்பிட எதுவும் மிஞ்சாது.

புல், பூண்டுக்கு இந்த 1 மீட்டர் கட்டம். அதையே ஒரு மூலையாக வைத்துப் புதர்களுக்கு 5 × 5 மீ, மரங்களுக்கு 10 × 10 மீ. மரத்தின் சுற்றளவைத் தரையிலிருந்து 1.3 மீ. உயரத்தில் எடுங்கள்.

பதிவு

முதல் ஐந்து வருடம் ஆண்டுக்கொரு முறை, பிறகு மூன்று வருடத்துக்கு ஒரு முறை போதும். பருவம் மட்டும் மாறக் கூடாது. மழைக்குப் பின் ஒரு வருடமும் கோடையில் மறு வருடமும் எடுத்தால் நீங்கள் பார்ப்பது பருவத்தை, வழிமுறை வளர்ச்சியை அல்ல. 1 மீட்டர் கட்டத்துக்குள் கால் வைக்காதீர்கள். எப்போதும் ஒரே பக்கமிருந்து அணுகுங்கள். மிதிபட்ட மண்ணில் வேறு செடிதான் முளைக்கும்.

ஒவ்வொரு இனமும் மூடும் பரப்பைத் தனித்தனியே எழுதுங்கள். ஒன்றன்மேல் ஒன்று படர்வதால் கூட்டுத்தொகை நூறைத் தாண்டலாம், அதைத் திருத்த வேண்டாம். 50 செ.மீ.க்குக் குறைந்த மரக்கன்றுகளைக் கட்டாயம் எண்ணுங்கள். மேலே நிற்கும் மரம் நேற்றைய நிலையைக் காட்டும்; அடுத்து இடம்பிடிக்கக்கூடியவை அதன் நிழலில் தாக்குப்பிடிக்கும் கன்றுகள்.

தனித்து நிற்கும் புதரையோ பட்ட மரத்தையோ குனிந்து பாருங்கள். பழம் தின்ற பறவைகள் கிளையில் உட்கார்ந்து எச்சமிடும். திறந்தவெளியில் காணாத கன்றுகள் அதன் அடியில் கொத்தாக முளைத்திருக்கும். அதனால் பறவைக் கணக்கும் அவசியம்: விடிந்தவுடன், அதே புள்ளியில் நின்று, 10 நிமிடம், 50 மீ. வட்டத்துக்குள் காண்பவற்றையும் கேட்பவற்றையும் எழுதுங்கள். தரைப்பூச்சிகளுக்கு, அடியில் ஊசித்துளையிட்ட குவளையைக் கட்டத்துக்கு வெளியே, விளிம்பு மண்ணோடு சமமாக இருக்கும்படி புதையுங்கள். விளிம்பு சிறிது உயர்ந்தாலும் பூச்சி சுற்றிப் போய்விடும். காலையில் எண்ணி விடுவியுங்கள்.

எங்கே ஏமாறுவோம்

ஆள் மாறினால் கணிப்பும் மாறும். இருவர் ஒரே கட்டங்களைத் தனித்தனியே பதிந்து பாருங்கள். அவர்களுக்குள் வரும் வேறுபாட்டைவிடச் சிறிய ஏற்றஇறக்கத்தை மாற்றம் என்று எழுதாதீர்கள். ஒரு வறட்சி ஆண்டை வைத்தும் முடிவு சொல்லாதீர்கள். கால்நடை மேயும் நிலமென்றால் பாதிக் கட்டங்களை வேலியிடுங்கள். இல்லாவிட்டால் மரம் வராததற்குக் காரணம் விதையின்மையா, வாய் வைத்ததா என்று பிரித்தறிய முடியாது.

இரண்டு ஆண்டுகளை ஒப்பிட எளிய கணக்கு: பொது இனங்களின் எண்ணிக்கையை இரட்டித்து, இரு ஆண்டு இன எண்ணிக்கைகளின் கூட்டுத்தொகையால் வகுங்கள். முதல் ஆண்டில் 12, ஐந்தாம் ஆண்டில் 18, பொதுவாக 9 என்றால் 18 ÷ 30 = 0.6. ஒன்றை நெருங்கினால் இனப்பட்டியல் அதிகம் மாறவில்லை. ஆனால் இந்த எண் பரப்பைப் பார்ப்பதில்லை. ஒரு புல் 5 சதவீதத்திலிருந்து 80 சதவீதமானாலும் அப்படியே நிற்கும். பரப்பு அட்டவணையையும் பக்கத்தில் வைத்தே படியுங்கள்.