இஞ்சி சோடாவுக்கு கிராஃப்ட் பீர் ஸ்டைல் லேபிள்: தமிழ் எழுத்து உடையாம அடிக்கிறது எப்படி

தீபாவளி சந்தையில எங்க இஞ்சி சோடாவ வாங்கிக் குடிச்சவங்கள விட பாட்டிலத் திருப்பித் திருப்பிப் பாத்தவங்கதான் அதிகம். லேபிள் யாரு போட்டா, எங்க அடிச்சீங்கன்னு இன்னும் மெசேஜ் வந்துக்கிட்டே இருக்கு, அதான் மொத்தமா இங்க எழுதிடுறேன். சரக்கு இல்ல லா, வெறும் இஞ்சி சிரப்பும் சோடாவும்தான், ஆனா பாட்டில் மட்டும் சின்னக் கம்பெனிங்க காய்ச்சுற கிராஃப்ட் பீர் மாதிரி நிக்கணும்னு எனக்கு ஆசை. சோடா செய்முறை இதுல வராது. பழைய லேபிள ஊற வச்சு சுரண்டுறதெல்லாம் உங்களுக்கே தெரியும்.

முதல்ல படம்

கம்ப்யூட்டரத் தொறக்கிறதுக்கு முன்னாடி ஒண்ணு யோசிங்க: படிக்கத் தெரியாத ஒருத்தர் கடையில வந்து உங்க பாட்டில என்னன்னு சொல்லிக் கேப்பாரு? அந்தக் காலத்துல கின்னஸ் கருப்பு பீர பாட்டில்ல அடைச்சு வெளிநாட்டுக்கு அனுப்புன கம்பெனிங்க ஆளுக்கொரு மிருகத்த மார்க்கா போட்டாங்க, ரீட் பிரதர்ஸ் போட்டது நாய்த்தலை. இன்னைக்கும் இங்க மலேசியாவுல சீனவங்க கின்னஸ கருப்பு நாய்னு சொல்றாங்கல்ல, அது லேபிள்ல இருந்து வந்த பேருதான். இங்கிலாந்துல பதிவான முதல் டிரேட்மார்க்கே ஒரு பீர் லேபிள்தான், பாஸ் கம்பெனியோட செவப்பு முக்கோணம், 1876. மானே 1882ல முடிச்ச பாரிஸ் பார் ஓவியத்துல மேசை மேல இருக்கிற பாட்டில அந்த முக்கோணத்த வச்சே அடையாளம் சொல்லிடலாம்.

கிராஃப்ட் பீர்க்காரங்க பண்றதும் அதேதான். ஃப்ளையிங் டாக் பாட்டில்னா ரால்ஃப் ஸ்டெட்மனோட மை தெறிச்ச கிறுக்குப் படம்தான் ஞாபகம் வரும், ப்ரூக்ளின் பீருக்கு மில்டன் கிளேசர் வரைஞ்ச ஒத்த பி எழுத்தே போதும். பெரிய கம்பெனி மாதிரி விளம்பரத்துல காசக் கொட்ட முடியாதவங்களுக்கு ஷெல்ஃப்ல நிக்கிற லேபிள்தான் விளம்பரம், அதான் அதுக்கு இவ்ளோ மெனக்கெடுறாங்க.

அதனால ஒரே ஒரு படம் எடுங்க. புலி வேணாம், டைகர் இருக்கு. யானை சாங் பீரோடது, மீன்கொத்தி கிங்ஃபிஷர். நான் எடுத்தது கொக்கு. செம்பனைத் தோட்டத்துல மாட்டுக்குப் பின்னால நடக்குமே அந்த வெள்ளைக் கொக்கு, பழுப்பு பாட்டில்ல வெள்ளைப் படம் தூரத்துல இருந்தே தெரியும். சந்தையில "கொக்கு சோடா ரெண்டு"ன்னுதான் கேட்டாங்க, நான் எழுதி வச்ச பேர யாரும் சொல்லல.

பேர்ல மட்டும் பீர்ங்கிற சொல்லு வேணாம். பின்னால ஹலால் சான்றிதழ் கேக்கப் போனா அதுவே பிரச்சனை ஆகும், ஏ அண்ட் டபிள்யூ சாப்பாட்டுக் கடையிலயே ரூட் பீர்ங்கிற சோடா பேரு ஆர்பி ஆயிடுச்சே. நெஜமாவே பீர் காய்ச்சி விக்கப் போறீங்கன்னா அது வேற கதை, லைசென்ஸ் வேணும், குடி உடம்புக்குக் கெடுதல்ங்கிற எச்சரிக்கை மலாய்ல லேபிள்லயே இருக்கணும். சோடாவா இருந்தாலும் பொருள் பேரு, என்னென்ன சேத்திருக்கு, எவ்ளோ மில்லி, செஞ்சவங்க அட்ரஸ் எல்லாம் மலாய்ல போடணும். அதுக்கு பின்பக்க லேபிள்ல எடம் ஒதுக்கிடுங்க, முன்னாடி திணிக்காதீங்க.

அளவு

ஸ்கேல வச்சு பாட்டில அளக்காதீங்க. ஒரு துண்டு பேப்பர சுத்தி, ஒட்டுற எடத்துல பேனாவால கோடு போட்டு, பிரிச்சு அளங்க. 330 மில்லி நீளக் கழுத்து பாட்டில் விட்டம் 61 மி.மீ. பக்கம் வரும், சுத்தளவு சுமார் 191. அதுல முன்னாடி நின்னு பாக்குறவங்க கண்ணுக்கு ஒழுங்காத் தெரியறது மூணுல ஒரு பங்குதான், அதாவது நடுவுல 60 மி.மீ. சொச்சம். கொக்கும் பேரும் அதுக்குள்ள அடங்கணும், மிச்சம் ரெண்டு பக்கமும் வெறும் கலர். உயரம் தோள்பட்டை வளையிற எடத்துக்குக் கொஞ்சம் கீழயே நிக்கணும், வளைவுல ஏறுச்சுன்னா மேல் ஓரம் சுருங்கி தூக்கிக்கும்.

ஃபைல்ல நாலு பக்கமும் 3 மி.மீ. ப்ளீட் விடுங்க (வெட்டும்போது போற ஓரம், கலர் அதுவரைக்கும் போகணும்), உள்பக்கமும் 3 மி.மீ. எழுத்து இல்லாம விடுங்க. படம் 300 டிபிஐ. டிசைன் பண்ணப் பழகாதவங்களுக்கு கான்வா ஈசிதான், ஆனா என்னைக் கேட்டா இங்க்ஸ்கேப்ங்கிற சாஃப்ட்வேர் கத்துக்குங்க, காசு இல்ல, கீழ சொல்லப் போற வேலைக்கு அதான் தோது. கட்டிங் மெஷின் வாங்குறதெல்லாம் தெண்டம், பிரிண்ட் கடையிலயே கிஸ் கட் (அடிப் பேப்பர விட்டுட்டு ஸ்டிக்கர மட்டும் வெட்டுறது) பண்ணித் தருவாங்க.

தமிழ் எழுத்து: இங்கதான் எல்லாரும் மாட்டுறாங்க

வீட்டுல ஸ்கிரீன்ல பாத்தா "கொக்கு மார்க்" அழகா இருந்துச்சு. ஈப்போவுல ஒரு கடையில குடுத்து வாங்கிட்டு வந்தா, க ஒரு பக்கம், கொம்பு ஒரு பக்கம், கால் தனியா, கீழ இஞ்சின்னு போட்டதுல சி-யோட சுழி மேல பறக்குது. கடைக்காரருக்குத் தமிழ் தெரியாது, அவருக்கு அது சரியாத்தான் பட்டிருக்கும், அவரச் சொல்லிக் குத்தமில்ல.

ஏன் இப்படின்னா, கம்ப்யூட்டர் உள்ள கொ-ங்கிறது க, அப்புறம் ஒ-வோட குறின்னு வரிசையாத்தான் கெடக்கு. அந்தக் குறியப் பிரிச்சு க-வுக்கு முன்னயும் பின்னயும் போடுற வேலைய சாஃப்ட்வேர் செய்யணும். கடைக்காரங்க வச்சிருக்கிற இல்லஸ்ட்ரேட்டர் சாஃப்ட்வேர் சும்மா செட்டிங்ல அத செய்யாது, ப்ரிஃபரன்ஸ்ல இண்டிக் ஆப்ஷன்ஸ ஆன் பண்ணி, பாராகிராஃப் மெனுவுல சவுத் ஏசியன்னு பேர்ல வர்ற கம்போசர (எழுத்த அடுக்குற செட்டிங்) எடுக்கணும். கடைக்காரர்கிட்ட போய் அதெல்லாம் மாத்துங்கன்னு சொல்லிக்கிட்டு இருக்க முடியாதில்லையா. போதாக்குறைக்கு நம்ம ஃபாண்ட் அவர் மெஷின்ல இருக்காது.

அதனால எழுத்த எழுத்தாவே குடுக்காதீங்க, படமா மாத்திக் குடுங்க. இங்க்ஸ்கேப்ல:

1. வேலைய முடிச்சு, ஒரு காப்பி தனியா சேவ் பண்ணுங்க. மாத்தினதுக்கு அப்புறம் எழுத்துப்பிழை திருத்த முடியாது.
2. எல்லா எழுத்தையும் செலக்ட் பண்ணி, பாத் மெனுவுல ஆப்ஜெக்ட் டு பாத். கீபோர்டுல ஷிஃப்ட், கண்ட்ரோல், சி.
3. டெக்ஸ்ட் டூல வச்சு எழுத்து மேல க்ளிக் பண்ணிப் பாருங்க. கர்சர் நின்னு டைப் பண்ண முடிஞ்சா இன்னும் மாறல.
4. பிடிஎஃப்பா சேவ் பண்ணி, அத வேற ஆள் ஃபோனுக்கு அனுப்பித் தொறந்து பாக்கச் சொல்லுங்க.

இல்லஸ்ட்ரேட்டர்ல இதுக்கு கிரியேட் அவுட்லைன்ஸ்னு பேரு, ஆனா கம்போசர மாத்தின பிறகு பண்ணுங்க, உடைஞ்ச எழுத்த அவுட்லைன் பண்ணா உடைஞ்சதுதான் நிரந்தரம்.

ஃபாண்ட் விஷயத்துல எனக்கு பிடிவாதம் உண்டு. பேருக்கு பலூ தம்பி, சின்ன எழுத்துக்கு ஹிந்த் மதுரை, ரெண்டும் கூகுள் ஃபாண்ட்ஸ்ல இலவசம். மேக் வச்சிருக்கவங்களுக்கு இணைமதி உள்ளயே இருக்கு, அது நம்ம மலேசியாக்காரர் முத்து நெடுமாறன் செஞ்சது. பழைய பாமினி மாதிரி ஃபாண்ட் மட்டும் தொடவே தொடாதீங்க.

இன்னொண்ணு, இஞ்சின்னு எழுதுறவங்க கவனிங்க, இ-யும் ஞ-வும் சுழி நெறைய உள்ள எழுத்து. கருப்பு மேல வெள்ளையா 7 பாயிண்ட்டுக்குக் கீழ போட்டா சுழி அடைஞ்சு பொட்டாத் தெரியும். வரிய நெருக்கினா ஞ் மேல உள்ள புள்ளி மேல் வரியோட ஒட்டிக்கும். சின்ன எழுத்துக்குக் கருப்பு மை மட்டும் போதும், நாலு கலரும் கலந்த கருப்பு வேணாம், கொஞ்சம் நகந்தாலும் ஓரத்துல நெழல் விழும்.

அடிக்கிறதும் ஒட்டுறதும்

கடையில மிரர்கோட் வேணுமா பிபி வேணுமான்னு கேப்பாங்க. மிரர்கோட் பேப்பர், பளபளப்பா மலிவா இருக்கும், ஐஸ் வாளியில போட்டா நஞ்சு போயிடும். பிபி பிளாஸ்டிக், தண்ணி ஒண்ணும் பண்ணாது. நம்ம ஊர் வெயிலுக்கு பாட்டில் வேர்க்காம இருக்காது, பிபியே எடுங்க, அதுலயும் வெள்ளை பிபி. டிரான்ஸ்பரண்ட்ல அடிச்சா பழுப்புக் கண்ணாடியில கலர் எல்லாம் செத்துப் போயிடும், அடியில வெள்ளை மை போட்டாத்தான் எடுக்கும். ஸ்கிரீன்ல பாத்த பளிச் பச்சையும் ஆரஞ்சும் சிஎம்ஒய்கேல, அதாவது அச்சு மை நாலு கலர்ல, மங்கித்தான் வரும், முதல்ல ஒரே ஒரு ஷீட் அடிச்சு பாட்டில்ல சுத்திப் பாருங்க.

ஒட்டும்போது பாட்டில் ஃப்ரிட்ஜுல இருந்து வந்ததா இருக்கக் கூடாது. நல்லா தொடச்சு, ஒரு ரப்பர் பேண்டு மாட்டி லெவல் பண்ணி, அதுக்கு மேல நடுவுல முதல்ல ஒட்டி, ரெண்டு பக்கமும் துணியால அழுத்திக்கிட்டே போங்க. ஒரு ஓரத்துல இருந்து ஆரம்பிச்சா சுத்தி வர்றதுக்குள்ள கோணிடும்.

அப்டேட்: கான்வாவுல செஞ்சவங்க எழுத்த எப்படிப் படமா மாத்துறதுன்னு கேட்டிருந்தாங்க. டவுன்லோட் பண்ணும்போது பிடிஎஃப் பிரிண்ட் எடுத்து, ஃப்ளாட்டன்னு இருக்கிறத டிக் பண்ணுங்க.

அப்டேட் 2: பத்து பதினஞ்சு பாட்டிலுக்கு ஸ்டிக்கர் அடிக்கணுமான்னு ஒரு அக்கா கேட்டாங்க. வேணாம் அக்கா. சாதா பேப்பர்ல லேசர் பிரிண்ட் எடுங்க, பின்னால பசும்பால் தடவி ஒட்டுங்க, வீட்டுல பீர் காய்ச்சுற வெளிநாட்டுக்காரங்க ரொம்ப நாளா பண்ற வேலை அது. பால்ல உள்ள கேசீன் பசையாப் பிடிச்சுக்கும், தண்ணியில ஊற வச்சா உரிஞ்சு வந்துடும். அதனால ஐஸ் வாளிக்கு ஆகாது, ஃப்ரிட்ஜுல அடுக்க மட்டும். இங்க்ஜெட்ல எடுத்தா பால் பட்டதும் மை ஓடிடும், லேசர்லதான் எடுக்கணும்.