எந்தத் திரை முதலில்?

சுங்கை சிப்புட்டில், செம்பனைக் குலைக் கணக்கு பதியும் செயலியின் பழைய திரையையும் புதிய திரையையும் 12 தோட்டத் தொழிலாளர்களிடம் ஒப்பிட்டேன். எல்லாருக்கும் பழையது முதலில், புதியது அடுத்து. புதியதில் நேரம் குறைந்தது. அது திரையின் பெருமையா, இரண்டாம் தடவை செய்த பழக்கமா? அந்தத் தரவில் பிரிக்கவே முடியாது. மறுபடி நடத்த வேண்டியதுதான்.

இம்முறை வேறு 12 பேர். 6 சீட்டில் 'பழையது முதலில்', 6 சீட்டில் 'புதியது முதலில்' என்று எழுதிக் குலுக்கினேன். இரண்டு திரைக்கும் ஒரே அளவு கடினமான, ஆனால் வெவ்வேறு கணக்குகள். நேரத்துக்குச் சாதாரண சராசரி உதவாது, ஒருவர் தடுமாறினாலே ஏறிவிடும். 12 நேரங்களையும் ஒன்றோடொன்று பெருக்கி, அதன் 12ஆம் படிமூலத்தைக் காணும் பெருக்குச் சராசரி எடுத்தேன்.

பயன்படுத்த எளிதா என்ற கருத்துக்கு, 1986இல் ஜான் புரூக் அமைத்த 10 வாக்கிய அளவுகோல் (SUS). ஒவ்வொரு வாக்கியத்துக்கும் 1 (சற்றும் ஏற்கவில்லை) முதல் 5 (முழுதும் ஏற்கிறேன்) வரை மதிப்பெண் போட வேண்டும். ஒற்றைப்படை வாக்கியத்தின் மதிப்பெண்ணில் 1 கழிக்க வேண்டும், இரட்டைப்படையில் 5இலிருந்து மதிப்பெண்ணைக் கழிக்க வேண்டும், கூட்டி 2.5ஆல் பெருக்கினால் 0 முதல் 100 வரை வரும். இது விழுக்காடு அல்ல. இரட்டைப்படை வாக்கியங்கள் எதிர்மறையானவை. எல்லாவற்றுக்கும் "ஆமாங்க" என்று 5 போட்டவருக்குச் சரியாக 50 வரும்! அப்படித் தாள் வந்தால் ஆள் கிளம்புமுன் வாக்கியங்களை வாய்விட்டுப் படித்து மறுபடி கேட்டுவிடுங்கள்.