மணிக்கட்டில் வெட்டிய துண்டு: தவிர்க்க வேண்டிய பிழைகள்

நுவரெலியா, பதுளைப் பக்கம் சத்திரசிகிச்சைப் பிரிவுக்குப் புதிதாக வரும் டொக்டர்மார் கார்ப்பல் டனல் (மணிக்கட்டில் நரம்பு நசுங்கிக் கை விறைப்பது) கேஸ்களில் விடுகிற பிழைகள் மாறுவதே இல்லை. எங்கள் செட்டும் இப்படித்தான் தொடங்கியது. கை மாறுவது, பெயர் மாறுவது பற்றி எழுதப் போவதில்லை. அதற்குச் செக்லிஸ்ட் இருக்கிறது.

மணிக்கட்டில் மீடியன் நரம்பு நசுங்குவதற்குச் சிலரில் காரணம் அமிலோயிட் என்ற புரதப் படிவு. டிரான்ஸ்தைரெட்டின் என்ற புரதம் மடிப்புக் குலைந்து தசைநார் உறையில் படிகிறது. அதே படிவு இதயத்தில் நோயாகத் தெரியவர 5 முதல் 10 வருடம்கூட ஆகலாம். 2018இல் வெளியான கிளீவ்லண்ட் கிளினிக் ஆய்வில், 50 வயதான ஆண்கள், 60 வயதான பெண்கள், அதற்கு மேற்பட்டவர்கள் என 98 பேரிடம் ஒப்பரேஷனில் எடுத்த தசைநார் உறைத் துண்டுகளைச் சோதித்தார்கள். 10 பேரிடம் அமிலோயிட் இருந்தது. அதில் 2 பேருக்கு இதயமும் பாதித்திருந்தது.

தொழில்மேல் பழி போடுவது

"கொழுந்து கிள்ளுற கை விறைக்காம என்ன செய்யும்?" பாதி உண்மைதான். ஆனால் இரண்டு கையும் விறைத்து, விரல் மடங்கிப் பூட்டிக்கொண்டதும், பைசெப்ஸ் தசைநார் அறுந்ததும் பழைய கதையில் இருந்தால் தொழிலோடு நிறுத்தாதீர்கள்.

லேப் படிவத்தில் 'சி.ரி.எஸ்.' (கார்ப்பல் டனல் சிண்ட்ரோம்) என்று மட்டும் எழுதுவது

எனக்கு இன்னும் எரிச்சல் தருவது இதுதான். வழக்கமான ஹெமடொக்சிலின், இயோசின் சாயத்தில் சிறிய படிவு வெறும் இளஞ்சிவப்பாக நார்த்திசுவோடு கலந்துவிடும். கொங்கோ சிவப்புச் சாயமிட்டு முனைவாக்கிய ஒளியில் பார்த்தால்தான் அப்பிள் பச்சை தெரியும். சீவலும் கொஞ்சம் தடிப்பாக, 8 முதல் 10 மைக்ரோன் வரை இருக்க வேண்டும். நாம் கேட்காமல் லேப் இதையெல்லாம் ஏன் செய்யப் போகிறது?

தோட்டத்தில் கவ்வாத்து வெட்டி ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர். இரண்டு கையிலும் ஒப்பரேஷன். துண்டு அனுப்பியிருந்தார்கள், அதுவரை நல்லது. படிவத்தில் வயது, 'சி.ரி.எஸ்.', ஒரு கையெழுத்து. 'சாதாரண நார்த்திசு' என்று அறிக்கை வந்தது. சில வருடங்களில் லயத்துக்கு ஏறும் படியில் மூச்சு வாங்குகிறது, கால் வீங்குகிறது என்று வந்தார். எக்கோவில் இதயச் சுவர் தடித்திருந்தது, ஈ.சி.ஜி. அலைகளோ சிறுத்திருந்தன. துண்டை மெழுகில் பதித்து வைத்திருந்த பழைய பரபின் பிளொக்கைத் தேடியெடுத்துக் கொங்கோ சிவப்பு போட்டால், பச்சை! "அப்பவே கையில தெரிஞ்சிருக்குங்களா ஐயா?" என்று கேட்டார். தெரிந்திருக்கும்.

எழுத வேண்டியிருந்தது ஒரு வரி: இரு கையிலும் விறைப்பு, அமிலோயிட் சந்தேகம், கொங்கோ சிவப்பு தேவை.

சேலைனில் அனுப்புவது

வேண்டாம். 10% ஃபோர்மலின்.

பச்சையைக் கண்டதும் ஓய்ந்துவிடுவது

அமிலோயிட்டின் வகை தெரியாமல் சிகிச்சை இல்லை. எலும்பு மச்சையின் பிளாஸ்மா கலங்களிலிருந்து வரும் ஏ.எல். வகை வேகமானது. கிளினிக் திகதி வரட்டும் என்று இருக்காமல் அந்தக் கலங்களின் அசாதாரணப் புரதத்தைத் தேடும் லைட் செயின், இம்யூனோஃபிக்சேஷன் சோதனைகளுக்கு இரத்தமும் சிறுநீரும் உடனே அனுப்புங்கள். அப்புறம் ஈ.சி.ஜி., எக்கோ, மூச்சு வாங்காவிட்டாலும் சரி.

எல்லோரிடமும் துண்டு எடுப்பது

30 வயதுக் கர்ப்பிணிக்கு இது தேவையில்லை. அவருடைய விறைப்பு பெரும்பாலும் பிள்ளை பிறந்த பிறகு தானாகவே குறையும்.