வாடகைக்கு வருகிறவரை விசாரிப்பது எப்படி

ஆதம்பாக்கத்தில் எங்கள் வீட்டு மாடியைப் பல வருடமாக வாடகைக்கு விடுகிறேன். முதல் தடவை வீடு விடும் அக்கம்பக்கத்தினர், "ஆதார் ஜெராக்ஸ் வாங்கிட்டேன், போதும்தானே அக்கா?" என்று கேட்கிறார்கள். போதாது.

ஜெராக்ஸில் பெயரையும் படத்தையும் மாற்றிவிடலாம். அதிலுள்ள க்யூஆர் கட்டத்தை ஆதார் ஆணையத்தின் செயலியில் ஸ்கேன் செய்யுங்கள். திரையில் வரும் பெயரும் படமும் எதிரில் நிற்பவரோடு ஒத்துப்போக வேண்டும். முழு எண்ணைக் கேட்காதீர்கள், கடைசி நாலு இலக்கம் மட்டும் தெரியும் ஆதாரே போதும். ஆள் யார் என்பது இதில் தெரியும். எப்படிப்பட்டவர் என்பது தெரியாது.

அதற்குப் பழைய வீட்டுக்காரரிடம் பேச வேண்டும். இப்போது இருக்கும் வீட்டின் ஓனர் அல்ல, அதற்கும் முந்தைய வீட்டின் ஓனர். ஆளைக் காலி செய்ய வைக்க நினைக்கும் ஓனர், "தங்கமான மனுஷன்" என்றுதான் சொல்வார். முந்தையவருக்கு மறைக்க ஒன்றுமில்லை. "நல்லவரா?" என்று கேட்டால் "நல்லவர்தான்" என்று முடித்துவிடுவார்கள். நான் இப்படிக் கேட்பேன்: வாடகை எந்தத் தேதியில் வரும்? கரண்ட் பில்லில் பாக்கி வைத்தாரா? காலி செய்தபோது அட்வான்ஸில் எவ்வளவு பிடித்தீர்கள், எதற்கு? கடைசியாக, மறுபடி வந்தால் வீடு கொடுப்பீர்களா? அந்தக் கடைசிக் கேள்விக்கு இழுத்து இழுத்துப் பதில் வந்தால் நான் யோசிப்பேன். புரோக்கர் கொடுக்கும் எண்ணை நம்பாமல், முடிந்தால் அந்தத் தெருவுக்கே ஒரு நடை போய் வாருங்கள்.

வேலைக்கு அடையாள அட்டையும் சம்பளச் சீட்டும் பாருங்கள். இதுவரை வாடகை கொடுத்த கணக்கை அவருடைய போனிலேயே காட்டச் சொல்லுங்கள். ஸ்கிரீன்ஷாட் வேண்டாம். சொந்தமாகத் தொழில் செய்பவர், ஆட்டோ ஓட்டுபவர் என்றால் சம்பளச் சீட்டு இருக்காது. அதற்காக ஒதுக்குவது சரியில்லை. சாதி, மதம், சமையல் பற்றிக் கேட்பதும் விசாரணை ஆகாது. அதை வைத்து வீடு மறுப்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது.

2012-இல் வேளச்சேரியில் வங்கிக் கொள்ளைச் சந்தேக நபர்கள் வாடகை வீட்டில் சுட்டுக்கொல்லப்பட்ட பிறகு, வாடகைதாரர் விவரத்தை ஸ்டேஷனில் கொடுக்கச் சொல்லிச் சென்னை போலீஸ் உத்தரவிட்டது. படிவத்தோடு போட்டோ, அடையாள நகல் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். தமிழ்நாடு போலீஸ் இணையதளத்திலும் வாடகைதாரர் சரிபார்ப்புக்கு விண்ணப்பிக்கலாம்.

அக்ரிமெண்ட் பற்றி ஒரு வார்த்தை. பதினொரு மாதம்தானே என்று சும்மா எழுதி வைத்துக்கொள்ளக் கூடாது. 2019-இல் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டப்படி எழுத்து ஒப்பந்தம் போட்டு, வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும்.

விசாரித்து முடியும்வரை டோக்கன் அட்வான்ஸ் வாங்காதீர்கள். வாங்கிய பிறகு மனம் ஒப்பவில்லை என்றால், அன்றைக்கே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். நம் பதிலை நம்பி அவர்கள் வேறு வீட்டை விட்டுவிடக் கூடாது.